காரணப் பெயரா, இடுகுறிப் பெயரா?
(நம் பருவ நாட்களின் பெயர்கள் குறித்து ஒரு பாடம்)



சென்ற சித்திரைத் திங்களில், கோடை விடுமுறைக்கு நம் இல்லம் வந்திருந்த பேத்தி, நாளிதழின் முதற்பக்கம் முழுவதையும் நிறைத்திருந்த நகை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி, அட்சய திரிதியைக்கு நாம் எந்தக் கடைக்குப் போகிறோம்?" என்று கேட்டாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள்; பாடங்களில் முதன்மையாக நிற்பவள். "அந்த நாளுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது, தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டோம். "அன்று தங்கம் வாங்கினால் பெருகும்; அதனால்தான்" என்றாள்.

அவள் மீது குற்றமில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொல் கற்பித்த நாம், நம் வீட்டுப் பிள்ளைக்கு நம் பருவ நாட்களின் பெயர்களைக் கற்பிக்கத் தவறிவிட்டோம். அக்குறையைச் சிறிதேனும் நீக்கிக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

1. இலக்கணம் காட்டும் வழி

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகையாகப் பிரித்துக் கற்பிப்பது நம் பள்ளி மரபு. மண், மரம், மலை முதலியன இடுகுறிப் பெயர்கள். இன்ன காரணத்தால் இப்பெயர் வந்தது என்று காட்ட இயலாது. முன்னோர் இட்டனர், நாம் வழங்குகிறோம். பறவை, அணி, நாற்காலி முதலியன காரணப் பெயர்கள். பறப்பதால் பறவை, அணியப்படுவதால் அணி, நான்கு கால்கள் உடைமையால் நாற்காலி. இப்பாகுபாட்டை நன்னூலில் வகுத்துரைத்த பவணந்தியார் நம் அறத்தைச் சார்ந்த முனிவர் என்பதை இளையோர் நினைவிற் கொள்க.

இனி ஒரு வினா. நம் பருவ நாட்களின் பெயர்கள் இவ்விரு வகையுள் எவ்வகையைச் சேர்ந்தவை? ஐயமின்றிக் காரணப் பெயர்களே. ஆயினும், காரணத்தை மறந்து பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவருக்குக் காரணப் பெயரும் இடுகுறிப் பெயர் போலவே ஆகிவிடுகிறது. அவ்வாறு வெறுமையாகக் கிடக்கும் பெயருக்குள், வேறு யாரேனும் வேறொரு காரணத்தை இட்டு நிரப்பிவிடுவர். நம் பேத்தியின் விடையில் நிகழ்ந்தது அதுவே.

ஆகவே ஒவ்வொரு பெயரையும் மூன்று வினாக்களால் ஆராய்வோம். சொல்லைப் பிரித்தால் கிடைப்பது என்ன? அந்நாளில் நிகழ்ந்ததாக நம் நூல்கள் கூறுவது என்ன? அப்பெயர் நம்மைச் செய்யச் சொல்லும் செயல் என்ன? ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பயின்றபோது, "அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க" என்று நமக்குக் கற்பித்தனர். அவ்வழியே, நாள்தோறும் நம் வாயில் வழங்கும் சொற்களைத் துணையாகக் கொண்டு வடசொற்களையும் பிராகிருதச் சொற்களையும் அணுகுவோம்.

2. பர்வம் என்பது கணு

முதலில் பொதுப்பெயரைக் காண்போம். விழா நாளை நம் நூல்கள் பர்வம் என்று குறிக்கின்றன. மகாபாரதத்தின் பதினெட்டுப் பர்வங்கள் என்பதில் வரும் சொல்லும் இதுவே. பர்வம் என்பதன் முதற்பொருள் கணு. கரும்பிலும் மூங்கிலிலும் உள்ள கணு, விரலிலுள்ள மூட்டு, நூலின் ஒரு பகுதி மற்றொன்றோடு இணையும் இடம், வளர்பிறையும் தேய்பிறையும் சந்திக்கும் நாள். இவை அனைத்தும் பர்வங்களே. அட்டமி, சதுர்த்தசி ஆகிய நாட்களில் இல்லறத்தார் நோன்பு மேற்கொள்வது நம் மரபு. அவையும் பர்வ நாட்கள் எனப்படும்.

கரும்பு பயிரிடும் குடும்பத்தார் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். கரும்பைக் கடித்துண்பவர்க்குக் கணு இடையூறு. பல்லுக்குக் கடினம், சாறும் குறைவு. ஆயின் நடவு செய்பவர் கணுவைத்தான் தேடுவார். கணுவிலுள்ள பருவிலிருந்தே அடுத்த கரும்பு முளைக்கும். கணுவில்லாத துண்டை மண்ணில் எத்தனை ஆழம் புதைத்தாலும் பயனில்லை. ஆண்டு என்னும் நெடுங்கரும்பில் பர்வ நாட்கள் அத்தகையன. உண்ணாமை, உறங்காமை, பேசாமை என்று அந்நாட்களில் சற்றுக் கடினம் உண்டு. அடுத்த தலைமுறை முளைப்பது அக்கடினமான இடத்திலிருந்துதான்.

3. அட்சய திரிதியை

அட்சயம் என்பது அ, க்ஷயம் எனப் பிரியும். க்ஷயம் என்றால் குறைதல், தேய்தல். உடலைத் தேய்க்கும் எலும்புருக்கி நோயை முன்னாளில் க்ஷயரோகம் என்றே வழங்கினர். 'அ' என்பது எதிர்மறை காட்டும் முன்னொட்டு. எனவே அட்சயம் என்பது குறையாதது என்று பொருள்படும். திரிதியை என்பது மூன்றாம் பிறைநாள். சொல்லில் 'குறையாமை' உண்டு. 'பெருகுதல்' இல்லை என்பதை முதலில் குறித்துக்கொள்க.

நிகழ்ச்சிக்கு வருவோம். ஆதிபகவனாகிய விருஷபதேவர் அரசு துறந்து தவம் மேற்கொண்டார். ஆறு திங்கள் உணவின்றித் தியானத்தில் நின்றார். பின்னர் உணவு ஏற்கப் புறப்பட்டார். ஆயின் துறவிக்கு உணவளிக்கும் முறையை அக்காலத்து மக்கள் எவரும் அறிந்திலர். தம் அரசர் வந்தார் என்று மகிழ்ந்து மணிகளைக் கொணர்ந்தனர், யானைகளையும் குதிரைகளையும் நிறுத்தினர், பட்டாடைகளைப் பரப்பினர். பகவான் எதனையும் ஏலாது, ஒன்றும் பேசாது, அடுத்த ஊருக்கு நடந்தார். இவ்வாறு ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் கழிந்தது. அத்தினாபுரத்தில் குரு குலத்து இளங்கோமகன் சிரேயாம்சன், அவரைக் கண்ட அளவில் தன் முற்பிறவியில் முனிவர்க்கு உணவளித்ததை நினைவுகூர்ந்தான். அந்த அறிவால், முறைப்படி எதிர்கொண்டு, கருப்பஞ்சாற்றைப் பகவானின் கைகளில் வார்த்தான். அவர் ஏற்றார். அன்று அம்மனையில் உணவு குறையவே இல்லை என்பது புராணம். அந்நாள் வைசாக வளர்பிறையின் மூன்றாம் நாள். ஆகாரதானம் உலகில் தொடங்கிய நாள் இதுவே என்று நம் முன்னோர் போற்றினர். சுவேதாம்பர மரபில் ஓராண்டு முழுதும் ஒன்றுவிட்டு ஒரு நாள் உண்ணாநோன்பு நோற்பவர்கள், இந்நாளில் கருப்பஞ்சாறு பருகி நோன்பை முடிப்பதை இன்றும் அத்தினாபுரத்திலும் பாலிதானாவிலும் காணலாம்.

கரும்புக்கு வடமொழியில் இட்சு என்று பெயர். கரும்பிலிருந்து சாறு எடுக்கும் முறையை மக்களுக்குக் கற்பித்தமையால் பகவானுக்கு இட்சுவாகு என்ற பெயர் வந்தது என்று ஆதிபுராணம் கூறும். தாம் உலகிற்குக் கற்பித்த ஒன்றையே, தாம் எல்லாம் துறந்து நின்ற நாளில், உலகம் தம் கையில் திருப்பி வார்க்கப் பெற்றார். ஆசிரியத் தொழில் செய்தவருக்கு இச்செய்தி தனியே இனிக்கும்.

இந்நாளுக்குப் பிற சமயத்தார் தத்தம் நூல்வழிக் காரணங்கள் கூறுவர். அவற்றை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் நம் நூல் காட்டும் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொன்னும் மணியும் கொண்டு வந்தவர்கள் அனைவரும் அன்று தோற்றனர். ஒரு கை கருப்பஞ்சாறு கொண்டு வந்தவன் வென்றான். அத்தகைய நாளில் பொன் வாங்க நாம் வரிசையில் நிற்பது பொருந்துமா? கொடுத்த நாள் வாங்கும் நாளாயிற்று. குறையாமை என்ற சொல் பெருக்கம் என்று திரிந்தது. காரணம் மறக்கப்பட்டதன் விளைவு இது.

இவ்வளவையும் கேட்ட பேத்தி சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, தெருமுனையில் கரும்பு பிழியும் வண்டிக்காரரிடம் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையச் சாறு வாங்கிவந்து, எதிர்மனையில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். மீண்டு வந்தவள், "பாட்டி, பாத்திரம் காலியாகிவிட்டதே! குறையாது என்றீர்களே?" என்று நகைத்தாள். குறையாதது பாத்திரத்தில் இல்லை என்பதை அவள் வளர வளர அறிவாள்.

4. சுருத பஞ்சமி

சுருதம் என்றால் கேட்கப்பட்டது. இசையில் நாம் வழங்கும் சுருதி என்ற சொல்லும் இவ்வேரிலிருந்து வந்ததே. தமிழில் இதற்கு நேரான அழகிய சொல் கேள்வி. வள்ளுவர் கேள்வி என்று தனி அதிகாரமே வகுத்தார். அங்கே கேள்வி என்பது வினா அன்று. செவிவழிப் பெறும் அறிவு. பகவான் மகாவீரரின் அறவுரை, ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கு என்று பல தலைமுறைகள் எழுத்தின்றியே வந்தது. அதனால் நம் ஆகமத்திற்குச் சுருதம் என்று பெயர். பஞ்சமி என்பது ஐந்தாம் பிறைநாள்.

கேட்ட அறிவு எழுத்தில் ஏறிய நாளே சுருத பஞ்சமி. கிர்னார் மலையின் சந்திரகுகையில் தங்கியிருந்த முதிய ஆசாரியர் தரசேனர், தம்மோடு சுருதம் அழிந்துவிடுமோ என அஞ்சினார். தென்னாட்டு முனிவர் குழுவிற்குச் செய்தி விடுத்தார். அவர்கள் இரு முனிவர்களை அனுப்பினர். அவர்களே புட்பதந்தரும் பூதபலியும். ஆசிரியரிடம் கேட்டுத் தேர்ந்து திரும்பிய அவ்விருவருள், புட்பதந்தர் வனவாச நாட்டிற்கும் பூதபலி தமிழ் நாட்டிற்கும் சென்றனர் என்று வீரசேனரின் தவளை உரை கூறுகிறது. புட்பதந்தர் தொடங்கிய ஷட்கண்டாகமத்தைப் பூதபலி நிறைவு செய்தார். ஆறு பகுதிகள் உடைமையால் அந்நூலுக்கு அப்பெயர். அதுவும் காரணப் பெயரே. நூல் நிறைவெய்தி, சங்கத்தார் கூடி அதனை வழிபட்ட நாள் ஜேஷ்ட வளர்பிறைப் பஞ்சமி. நம் கணக்கில் பெரும்பாலும் வைகாசியில் வரும்.

அந்நூலின் ஓலைச்சுவடிகள் மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் காக்கப்பெற்று, 1939 ஆம் ஆண்டு முதல் உரையுடன் அச்சேறத் தொடங்கின. எழுதியவர்க்கும் காத்தவர்க்கும் இடையே எத்தனையோ பெயரறியாத கைகள் உண்டு. ஓலை பழுதானால் புதிய ஓலையில் படியெடுத்தவர்கள், மஞ்சள் பூசியவர்கள், கறையானுக்கு அஞ்சிப் பரணில் ஏற்றியவர்கள். பூதபலியார் வந்து தங்கிய நாட்டினர் என்று பெருமை கொள்ளும் நமக்கு, அக்கைகளின் கடமை தனியே உண்டு.

அக்கடமையில் நாம் தவறியதை ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பிறந்த வீட்டுப் பரணில் ஒரு சுவடிக் கட்டு இருந்தது. பாட்டியார் ஆண்டுக்கொரு முறை அதனை இறக்கித் துடைத்து, பூவிட்டு, மீண்டும் ஏற்றுவார். எந்நாளில் செய்தார் என்பது கூட நமக்கு நினைவில்லை. அவர் மறைந்தபின் வீடு மாற நேர்ந்தது. ஏடுகள் பல ஒடிந்திருந்தன. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் எவரும் இல்லை. ஆடிப் பதினெட்டாம் நாள் பழைய ஏடுகளை ஆற்றில் விடுவது வழக்கம் என்று யாரோ கூற, ஆசிரியப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றிருந்த நாமே அக்கட்டை எடுத்துக் கொடுத்தோம். அது என்ன நூல் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. சுருத பஞ்சமி என்ற பெயரும் அதன் காரணமும் அன்று நமக்குத் தெரிந்திருந்தால், அக்கட்டை யாரேனும் கற்றறிந்தவரிடம் ஒப்படைத்திருப்போம். ஒரு பெயரை அறியாமையால் ஒரு நூல் போயிற்று.

5. பர்யூஷணமும் கமாவணியும்

ஆவணி, புரட்டாசித் திங்களை ஒட்டி வரும் பெரும்பருவம் பர்யூஷணம். பிராகிருத நூல்கள் இதனைப் பஜ்ஜோசவணா என்று வழங்கும். பரி என்பது முழுமையையும் சூழலையும் உணர்த்தும் முன்னொட்டு. வஸ் என்ற வேருக்குத் தங்குதல், உறைதல் என்று பொருள். வாசம், நிவாசம், வனவாசம் முதலிய சொற்கள் இவ்வேரிலிருந்து வந்தவை. மழைக்காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர்களும் முளைகளும் நிறைந்திருக்கும். நடந்தால் அவை நசுங்கும். ஆகவே துறவியர் ஊர்விட்டு ஊர் செல்லாது ஓரிடத்தில் உறைவர். அவ்வுறைதலே பர்யூஷணம். மழைக்காலத்தில் ஒரு திங்களும் இருபது நாட்களும் கழிந்தபின் மகாவீரர் இவ்வுறைதலை மேற்கொண்டார் என்று கல்பசூத்திரம் கூறும்.

எரித்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரைக் காட்டி, வினைகளை எரிக்கும் நாள் என்று விளக்குவாரும் உளர். அது கேட்க இனிய விளக்கம். பழைய பிராகிருத வழக்கோடும் மழைக்கால உறைவோடும் பொருந்தி நிற்பது முன்னதே. சொல்லின் வேர் ஒன்று, சான்றோர் பின்னர் ஏற்றிய பொருள் ஒன்று என இரண்டையும் வேறு வேறாகப் போற்றுவது மாணவர்க்கு நன்று.

இவ்விடத்தில் உபவாசம் என்ற சொல்லையும் பார்க்க. அதிலும் உள்ளது அதே வஸ் என்னும் வேர். உப என்றால் அருகில். ஆகவே உபவாசம் என்பதன் நேர்ப்பொருள் பட்டினி அன்று, அருகில் உறைதல். எதன் அருகில் எனின், தன் ஆன்மாவின் அருகில் என்பர் நம் ஆசாரியர். வயிற்றை வெறுமையாக்கிவிட்டு மனத்தை ஊரெல்லாம் மேயவிட்டால், அது பட்டினியாகுமேயன்றி உபவாசம் ஆகாது. தமிழின் நோன்பு என்ற சொல்லும் நோற்றல், அதாவது பொறுத்தல், என்பதிலிருந்து வந்ததே.

சுவேதாம்பரர் எட்டு நாட்களும், திகம்பரர் பாத்திரபத வளர்பிறைப் பஞ்சமி தொடங்கிப் பத்து நாட்களும் இதனைக் கடைப்பிடிப்பர். திகம்பரர் வழங்கும் தசலட்சணம் என்ற பெயர் பத்து இலக்கணங்களைக் குறிக்கும். பொறுமை, பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், ஈகை, பற்றின்மை, பிரமசரியம் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரம் இவற்றை வரிசைப்படுத்துகையில் பொறுமையை முதலில் வைத்தது. பருவத்தின் முடிவில் வருவதும் பொறுமையே. அதற்குப் பெயர் கமாவணி. க்ஷமா என்றால் பொறுத்தல், வாணி என்றால் சொல். வடமொழியில் நிலத்திற்கும் க்ஷமா என்று ஒரு பெயர் உண்டு. வள்ளுவரும் பொறுமைக்கு நிலத்தையே உவமையாக்கினார். தமிழில் பொறுத்தல் என்ற ஒரு சொல்லே சுமத்தலையும் மன்னித்தலையும் குறிப்பது எண்ணத்தக்கது. மன்னிப்பவர் ஒரு சுமையைத் தாங்குகிறார்.

சுவேதாம்பரர் இந்நிறைவு நாளைச் சம்வத்சரி என்பர். சம்வத்சரம் என்றால் ஆண்டு. ஆண்டிற்கொரு முறை கணக்குத் தீர்க்கும் நாள் என்பது கருத்து. அன்று கூறும் 'மிச்சாமி துக்கடம்' என்ற பிராகிருதத் தொடரில் வரும் துக்கடம் என்பதைத் துக்கம் என்று பலர் கருதுகின்றனர். அது துக்கம் அன்று. துஷ்கிருதம், அஃதாவது தீய செயல். நான் செய்த தீமை பயனற்றுப் போவதாக என்பது தொடரின் பொருள்.

இக்காலத்தில் இத்தொடர் கைப்பேசி வழியே ஒரே நொடியில் நூறு பேருக்குச் செல்கிறது. நல்லதே. ஆயினும், வாணி என்பது வாய்திறந்து சொல்லும் சொல். துக்கடம் என்பது நாம் உண்மையிலேயே செய்த ஒரு தீமை. எவருக்கு எத்தீமையும் செய்யவில்லையோ அவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, பேச்சு நின்றுபோன ஓரகத்தியின் வீட்டைக் கடந்து போகிறோம். நமக்கும் அப்படி ஒருவர் இருந்தார். பதினோராண்டுகள் பேசாதிருந்து, ஒரு கமாவணி நாளில் அவர் வீட்டுப் படியேறினோம். சொல்லவேண்டிய சொல் தொண்டையில் நின்றுவிட்டது. அவரே மோர் கொணர்ந்து கொடுத்தார். அன்று நாம் வாய்திறந்து கூறியது, "உப்புச் சரியாக இருக்கிறது" என்பது மட்டுமே. அடுத்த ஆண்டு முழுமையாகச் சொன்னோம்.

6. தீபாவளி

தீபம், ஆவளி என்று பிரியும் இச்சொல்லில் ஆவளி என்பது வரிசை. நாமாவளி என்றால் நாமங்களின் வரிசை. அதுபோல விளக்குகளின் வரிசை தீபாவளி. பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாள் இது. சதுர்த்தசி இரவு கழியும் வேளை, விடியலுக்கு முன்னர் அது நிகழ்ந்தது. நூல்களில் கார்த்திகை அமாவாசை என்றிருக்க, நாம் ஐப்பசியில் கொண்டாடுவதேன் என்று மாணவர் வினவுவர். வடநாட்டார் பௌர்ணமிக்கு மறுநாள் திங்களைத் தொடங்குவர். தென்னாட்டில் சந்திரமாதம் கணிப்பவர் அமாவாசைக்கு மறுநாள் தொடங்குவர். தமிழர் கதிரவன் வழித் திங்களைக் கணிப்பர். பெயர் வேறாயினும் அமாவாசை ஒன்றே. மறுநாள் வீர நிர்வாண ஆண்டு பிறக்கும். 2023 ஆம் ஆண்டுத் தீபாவளியை அடுத்து அவ்வாண்டு 2550 தொடங்கியது.

மகாவீரரின் வீடுபேற்றை ஒட்டி ஆண்டுதோறும் மக்கள் விளக்கேற்றுவதைத் தீபாலிகா என்ற பெயரோடு கூறுவது, 783 ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஜினசேனரின் அரிவம்ச புராணம். இதனையும், மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1954 இல் வெளியிட்ட 'சமணமும் தமிழும்' என்னும் நூலையும் துணைக்கொண்டு, "தீபாவளி நம்முடையதே, பிறர் எடுத்துக்கொண்டனர்" என்று நாமும் இளமையில் அண்டை வீட்டாரோடு வழக்காடியதுண்டு. இப்போது அவ்வாறு பேசுவதில்லை. ஏழாம் நூற்றாண்டின் ஹர்ஷர் இயற்றிய நாகானந்தத்திலேயே விளக்கு விழா ஒன்று குறிக்கப்பெறுகிறது. ஒரே இருள்நாளில் பலர் பல காரணங்களுக்காக விளக்கேற்றியிருக்கலாம். சீக்கியர் குரு ஹர்கோவிந்தரின் விடுதலையையும், வங்கத்தார் காளி பூசையையும், தமிழ்நாட்டார் பலர் நரகாசுரன் கதையையும் இந்நாளோடு இணைப்பர். விளக்கு எவருடையது என்று வழக்காடுவதனால் ஒளி கூடுவதில்லை. நம் விளக்கின் காரணத்தை நாம் அறிந்திருக்கிறோமா என்பதே நமக்குரிய வினா.

அக்காரணத்தைக் கல்பசூத்திரம் தெளிவாகக் கூறுகிறது. மல்லர் ஒன்பதின்மரும் லிச்சவியர் ஒன்பதின்மருமாகப் பதினெட்டு அரசர்கள் அன்று நோன்பிருந்தனர். அறிவொளி மறைந்துவிட்டது, ஆகவே புறவொளியையேனும் ஏற்றுவோம் என்று கருதி விளக்கேற்றினர். இதனை ஊன்றி நோக்குக. வெற்றியைக் கொண்டாட அவ்விளக்குகள் ஏற்றப்படவில்லை. ஒரு பெருவிளக்கு மறைந்த இடத்தில் இருளைப் பொறுக்கமாட்டாதவர்கள் ஏற்றிய சிறுவிளக்குகள் அவை. அந்நாளிலேயே, ஆசிரியர் மீது கொண்ட பற்றும் அற்று, முதன்மை மாணாக்கராகிய கௌதமர் கேவல ஞானம் எய்தினார் என்பதும் மரபு. பிரிவும் ஞானமும் ஒரே நாளில் நிகழ்ந்தன.

நம் இல்லத்தலைவர் 2014 ஆம் ஆண்டு புரட்டாசியில் மறைந்தார். துக்கம் நடந்த வீட்டில் அவ்வாண்டு பண்டிகை இல்லை என்பது ஊர் வழக்கம். தீபாவளியன்று மாலை வீடு இருண்டிருந்தது. "இந்த ஆண்டு விளக்கு வேண்டாம் அண்ணி, ஊரார் பேசுவார்கள்" என்று நாத்தனார் கூறினார். நாம் அவருக்குப் பதினெட்டு அரசர்களின் செய்தியைச் சொன்னோம். புத்தாடையும் இனிப்பும் வேண்டாம்; வெடி என்றுமே நமக்கு வேண்டாம், சிற்றுயிர்கள் மாயும்; ஆனால் விளக்கு துக்க வீட்டிற்கே உரியது என்றோம். வரிசையாக வைக்க மனம் வரவில்லை. ஒரே ஓர் அகலை ஏற்றி வாயிற்படியில் வைத்தோம். சிறிது நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் உள்ளே சென்று, மற்றோர் அகலைக் கொணர்ந்து அதன் அருகே ஏற்றி வைத்தார். "ஒன்று மட்டும் இருந்தால் ஆவளி ஆகாதே, அண்ணி" என்றார். அவர் பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரையே.

7. இல்லப் பயிற்சி

பாடம் முடிந்தபின் பயிற்சி தருவது ஆசிரியர் வழக்கம். பெற்றோர் தம் மக்களோடு இவற்றைச் செய்து பார்க்க.

(அ) புதிய நாட்காட்டி வந்தவுடன், நம் பருவ நாட்களைப் பிள்ளைகளைக் கொண்டே குறிக்கச் செய்க. ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் காரணத்தை ஒரே வரியில் அவர்கள் கையால் எழுதுக.

(ஆ) அட்சய திரிதியையன்று வாங்கும் பொருளைக் குறிக்கும் முன், கொடுக்கும் பொருளைக் குறிக்க.

(இ) சுருத பஞ்சமியன்று வீட்டிலுள்ள பழைய ஏடுகளையும் அச்சு நூல்களையும் இறக்கித் துடைக்க. படிக்க இயலாத சுவடி இருப்பின் ஆற்றில் விடாது, சுவடி படிக்க வல்லவரிடம் காட்டுக.

(ஈ) கமாவணியன்று ஒருவரிடமேனும் நேரில் சென்று சொல்க. சொல் வரவில்லையெனின் மோர் பருகி வருக. அடுத்த ஆண்டு வரும்.

(உ) தீபாவளியன்று முதல் விளக்கை ஏற்றும்போது அதன் காரணத்தை வீட்டிலுள்ள இளையவரைக் கொண்டு சொல்லச் செய்க.

கற்பிப்பவர் கேட்பவராக அமரும் நாளே கல்வி நிறைவெய்தும் நாள். வரும் சித்திரையில் பேத்தி விடுமுறைக்கு வருவாள். இம்முறை வினாவை நாம் கேட்கவிருக்கிறோம். விடையை அவள் சொல்லட்டும்.

வாழ்க அறம்.